பெருக்காத பாத்தி

என் மதினி யாரையும் 'போ' என்று சொன்னதில்லை, ஒரே ஒரு நாள் நீங்கலாக. பிச்சைக்காரன், பால்காரன், கோபித்துக்கொண்டு கிளம்பும் புருஷன், வாசலில் வந்து நிற்கும் கன்றுக்குட்டி, எல்லாருக்கும் 'போயிட்டு வா'தான். ஒருமுறை பாத்திரம் தேய்க்கும்போது கையைக் கடித்த எறும்பை ஊதிவிட்டு, அதற்கும் 'போயிட்டு வா' என்றாள்.

"எறும்பு திரும்பி வந்தா என்ன செய்விய மதினி?" என்று கேட்டேன்.

"வந்தா வரட்டும். இங்கன வேற யாரு வாரா?" என்றாள்.

மதினி என் அண்ணனின் மனைவி. பெயரை எழுதவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எழுதினால் வேறு யாரையோ பற்றி எழுதுவதுபோல் இருக்கிறது. அண்ணன் சர்க்கார் உப்பு இலாகாவில் வேலை பார்த்தான். தூத்துக்குடித் துறைமுகத்துக்குத் தெற்கே, உப்பளங்களுக்கு நடுவில், ஓடையின் கரைமேல் கட்டியிருந்த ஓட்டு வீட்டில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். எனக்குப் பஞ்சு அழுத்தும் ஆலை ஒன்றில் குமாஸ்தா வேலை. மதினிக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அதனால் வீட்டில் பேச்சும் கேலியும் எங்கள் இருவருக்குள்தான். அண்ணன் பேசுகிற வகை அல்ல.

அவள் சீவலப்பேரிக்காரி. சாதாரண என்ற பெயருள்ள தமிழ் ஆண்டின் ஆவணியில் கல்யாணமாகி நேரே இந்த அளத்துக்கு வந்தாள். சிற்றாறு தாமிரபரணியில் வந்து சேரும் ஊர் அது. வீட்டுக் கொல்லையிலிருந்து பார்த்தால் வயலும் வாழையுமாக இருக்கும். அவர்கள் வீட்டில் உலை வைக்கும்போதே வரப்போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் வைப்பார்கள். திருநெல்வேலிக் கச்சேரிக்கு வழக்காட வருகிறவர்கள், கோயிலுக்கு வருகிறவர்கள், வரன் பார்க்க வந்து தட்டிப்போனவர்கள், யாராவது கூடத்தில் இருப்பார்கள். அந்த வீட்டுப் பெண் வந்து சேர்ந்த இடத்தில் ஒரு புல் கிடையாது. குடிக்கிற தண்ணீர் மாட்டுவண்டியில் பீப்பாயில் வரும். மற்ற உபயோகத்துக்கு உள்ள கிணற்றில் கடல்தான் ஊறும். மதினியின் அப்பா ஒரு தடவை வந்தார். பீப்பாய்த் தண்ணீர் அன்று தீர்ந்து போயிருந்தது. மோரை வாங்கிக் குடித்துவிட்டு, "கொஞ்சம் உப்பு கூடிப்போச்சு போலிருக்கேம்மா" என்றார். மதினி உப்பே போடவில்லை. அவர் பிறகு வரவில்லை. வேறு யாரும் வரவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் அடைமழை பிடித்தது. மழைக்காலத்தில் அளத்தில் வேலை கிடையாது. உப்பு விளையும் பாத்திகளெல்லாம் நிரம்பி, வரப்பு மட்டும் கோடுகோடாகத் தெரிய, கண்ணுக்கெட்டிய தூரம் கணுக்கால் தண்ணீராகக் கிடக்கும். ஒரு நாள் விடியற்காலையில் மதினி வாசலிலிருந்து கூப்பிட்டாள்.

"கொழுந்தனாரே, எந்திரிச்சு வாங்க. ஆளுக வந்திருக்காவ."

சீவலப்பேரியிலிருந்துதான் வந்துவிட்டார்களோ என்று நான் வேட்டியைச் சரியாகக் கட்டிக்கொண்டு வெளியே ஓடினேன். ஒருவரும் இல்லை.

"எங்க மதினி?"

"அந்தா."

வாசலுக்கு எதிரே இருந்த பள்ளமான பாத்தியில் நூற்றுக்கணக்கில் பறவைகள் நின்றுகொண்டிருந்தன. நான் அந்த ஊரில் அதற்கு முன் இரண்டு மழைக்காலம் கழித்தவன். அவை ஒவ்வொரு வருஷமும் வருகிறவைதான். ஆனால் 'ஆட்கள்' என்று எனக்குத் தோன்றியதில்லை.

அன்று முதல் அவளுக்கு வேலை கூடிவிட்டது. வந்தவர்களுக்கெல்லாம் முறை வைத்தாள். தண்ணீரோரத்தில் கூட்டமாக ஓடி, சட்டென்று நின்று, மறுபடியும் ஓடும் சின்ன உள்ளான்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். கீழே வளைந்த நீள மூக்கை வைத்துக்கொண்டு தனியாக நடக்கும் பறவை பெரியப்பா; ஆந்தை இல்லை, இதற்கும் அந்தப் பக்கத்தில் கோட்டான் என்றுதான் பெயர். பூநாரைகள் சம்பந்தி வீட்டார். "பாருங்களேன்," என்பாள். "நடக்கும்போது தலை எம்புட்டு உசரத்துல இருக்கு. சாப்பாடுன்னு உக்காந்தா மட்டும் தலைகீழா குனிஞ்சு குத்தம் தேடுதாவ." பூநாரை அலகைத் தலைகீழாக வைத்துச் சேற்றுத் தண்ணீரை அரித்துத் தின்பதைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பொருத்தம் என்று தெரியும்.

தினமும் அரிசி களைந்த தண்ணீரைப் பாத்தியில் கொண்டுபோய் ஊற்றுவாள். அவற்றுக்கு அது தேவையில்லை என்று அவளுக்குத் தெரியும். "வெறுங்கையோட போய் நின்னா நல்லாவா இருக்கும்?" என்பாள்.

நான் அப்போதெல்லாம் ஊரில் இருந்த வாசகசாலைக்குப் போய்க் கையில் கிடைத்ததைப் படிப்பவன். பறவைகளைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. இந்த உள்ளான்கள் இமயமலைக்கும் வடக்கே, பனி உறைந்து கிடக்கும் தேசங்களிலிருந்து, குளிருக்குத் தப்பி வருகின்றன என்று அதில் இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். மதினி கேட்டுக்கொண்டே இருந்தவள், கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டாள்.

"அம்புட்டுத் தூரமா?"

"ஆமா மதினி. மலை, பாலைவனம் எல்லாம் தாண்டி."

"எங்க சீவலப்பேரிக்காரவ வண்டி கட்டினா ஒரு நாள்ல வந்திரலாம்," என்றாள். கரண்டியை மறுபடியும் எடுத்துக்கொண்டாள்.

ஒருவன் வலையும் சுருக்குக் கண்ணியுமாக வந்து உள்ளான் பிடித்துத் துறைமுகத்துக் கடைத்தெருவில் விற்பான். கொலைகாரன் அல்ல; பிழைப்பு. எங்கள் பாத்தி வரப்பில் அவன் கண்ணி வைத்துக்கொண்டிருந்ததை மதினி பார்த்தாள். நான் அவனை விரட்டப் போனேன். "சும்மா இருங்க," என்று சொல்லிவிட்டு, ஒரு தட்டில் சோறும் குழம்பும் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். அவன் திகைத்துப்போய் வாங்கிச் சாப்பிட்டான். கை கழுவத் தண்ணீரும் அவளே ஊற்றினாள்.

"வயிறு நிறைஞ்சுதா?"

"நிறைஞ்சுது தாயி."

"அப்போ நீயும் இந்த வீட்டு விருந்தாளி. அந்தா நிக்கவுகளும் இந்த வீட்டு விருந்தாளிதான். ஒரே பந்தியில உக்காந்தவுகளக் கண்ணி வச்சுப் பிடிப்பியா?"

அவன் தலையைச் சொறிந்தான். "தாயி, இப்படிச் சொல்லுதியன்னு தெரிஞ்சிருந்தா நான் சாப்பிட்டிருக்க மாட்டேன்."

"தெரிஞ்சுதான் முதல்ல சோத்தப் போட்டேன்."

அவன் கண்ணிகளைச் சுருட்டிக்கொண்டு வடக்குக் கரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். பிழைப்பை விட்டுவிடவில்லை. வடக்குக் கரைக்கு இந்தப் பக்கம் மட்டும் வரவில்லை. ஆனால் மாதத்துக்கு ஒரு நாள் சாப்பாட்டு நேரம் பார்த்து வந்து வாசலில் நிற்பான். "கண்ணி கொண்டாரல தாயி," என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டுவான்.

தை பிறந்து மழைத்தண்ணீர் வற்றத் தொடங்கியதும் அளத்தில் வேலை ஆரம்பமாகும். பாத்தியிலுள்ள பழைய சகதியை வழித்தெடுத்து, தரையைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தி, பிறகுதான் ஓடைத் தண்ணீர் விடுவார்கள். எங்கள் வாசலுக்கு எதிரே உள்ள பாத்தி பள்ளம் என்பதால் அது கடைசி. பறவைகளும் மற்றப் பாத்திகளிலிருந்து ஒதுங்கி ஒதுங்கிக் கடைசியில் அதில்தான் நிற்கும். மாசிக் கடைசியில் ஒரு காலை பார்த்தபோது பாத்தி காலியாக இருந்தது. அதே காலையில் கங்காணி ஆட்களோடு மண்வெட்டி சகிதம் வந்து இறங்கினார். கங்காணி அந்த அளத்தில் தலை நரைத்தவர். பக்கத்துக் கடற்கரைக் கிராமத்துக் கிறிஸ்தவர்.

மதினி வாசலில் நின்று கேட்டாள். "அண்ணாச்சி, இன்னைக்கே வழிக்கணுமா?"

"வெயிலு ஏறுது தாயி. தாமதிச்சா தரை வெடிச்சுப் போவும்."

"உங்க வீட்டுல விருந்தாளி படியிறங்கினதும் வெளக்குமாறு எடுப்பாவளா?"

"எடுக்க மாட்டாவ."

"ஏன்?"

"எடுத்தா, 'இனிமே வராத'ன்னு சொன்ன மாதிரி ஆயிரும்லா."

மதினி பாத்தியைப் பார்த்தாள். கங்காணியும் பார்த்தார். ஈரச் சேற்றில் எங்கும் காலடிகள், கோலம் போட்டதுபோல் மூன்று மூன்று விரல்கள்.

"ஒரு நாளாவது கழியட்டும் அண்ணாச்சி," என்றாள்.

"ஐயா கேட்டா என்ன சொல்ல?"

"ஐயாகிட்ட நான் சொல்லுதேன்."

ஐயா, அதாவது அண்ணன், அப்போது உள்ளே தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தான். காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தவன் வேலையாட்கள் அடுத்த பாத்திக்குப் போவதைப் பார்த்தான். "அந்தப் பாத்தி மட்டும் ஏன் அப்படிக் கிடக்கு?" என்று கேட்டான். "அது கிடக்கட்டும், உங்களுக்கு இன்னொரு தோசை வைக்கட்டா?" என்றாள் மதினி. அவன் தோசை தின்றுவிட்டுப் போனான். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் அந்தப் பாத்தி ஒரு நாள் பிந்தித்தான் மிதிபட்டது.

மூன்றாவது மழைக்காலத்தில்தான் அது நடந்தது. வெகு காலம் அதை விரோதிகிருது ஆண்டு என்றே நினைத்திருந்தேன். பழைய பஞ்சாங்கங்களை எடுத்துப் பார்த்ததில் அது தவறு என்று தெரிந்தது. திருவாதிரையும் கிறிஸ்மஸும் அடுத்தடுத்து வந்தது பரிதாபி ஆண்டில்தான்.

அண்ணன் அப்போது மேல் உத்தியோகம் ஒன்றைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அதை நிரந்தரமாக்குவதும் இல்லாமலாக்குவதும் மேலதிகாரியான துரை கையில் இருந்தது. மார்கழி பிறந்ததும் துரை அளத்தைப் பார்வையிட வந்தார். வாசலில் நின்று எதிர்ப் பாத்தியைப் பார்த்தார். கிறிஸ்மஸுக்கு மறுநாள் நண்பர்களோடு சுட வருவதாகவும், அதுவரை அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் கூடாது என்றும், வீட்டு வாசலிலேயே நாற்காலிகள் போட்டுவிட்டால் பெண்கள் வெயில் படாமல் உட்கார்ந்து பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். துரைசானிக்குத் தொப்பியில் செருகப் பூநாரையின் சிவந்த இறகு வேண்டுமாம்.

அண்ணன் அன்று இரவுச் சாப்பாட்டின்போது அதைச் சொன்னான். உத்தியோகம் நிரந்தரமாகிவிடும் என்ற சந்தோஷத்தில் வழக்கத்தைவிட நாலு வார்த்தை கூடவே பேசினான்.

மதினி பரிமாறுவதை நிறுத்தினாள். "நம்ம வாசல்லயா?"

"ஆமா. நாக்காலி நாலு இரவல் வாங்கணும்."

"நம்ம வாசல்ல உக்காந்து, நம்ம வீட்டுக்கு வந்தவுகளச் சுடுவாவளா?"

"ஏளா, அது பறவை."

"எனக்குத் தெரியும் பறவைன்னு. வேற பாத்திய காட்டுங்களேன்."

"அவரு கை காட்டிட்டுப் போன இடத்த நான் மாத்தவா? கேட்டா என்ன சொல்ல? 'எம் பொண்டாட்டிக்கு அவிய சொந்தக்காரவ'ன்னு சொல்லவா?"

நான் சிரித்துவிட்டேன். மதினி என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றுவிட்டது.

"துரைய வராதீங்கன்னு சொல்ல முடியாதுல்லா?" என்று கேட்டாள்.

"முடியாது."

"அதுவும் சரிதான். அவரும் விருந்தாளிதான்," என்றாள். மறுபடியும் பரிமாறத் தொடங்கினாள்.

அதன் பிறகு அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அது எவ்வளவு பெரிய இக்கட்டு என்று இப்போது எனக்குப் புரிகிறது. ஒரு வாசலுக்கு இரண்டு விருந்தாளிகள். வருகிறவரைத் தடுக்க முடியாது. அப்படியானால் வந்து இருக்கிறவர்களைத்தான் அனுப்ப வேண்டும். ஒற்றைக் கடற்பறவை, ஓர் ஆலா, வந்து உட்கார்ந்தாலே பூரித்துப்போகிறவள், ஒரு பாத்தி நிறையச் சனத்தை வெளியேற்ற வேண்டும்.

திருவாதிரையன்று காலையில் களி கிண்டி, நைவேத்தியம் செய்து, எங்களுக்கும் வைத்தாள். அண்ணன் நாற்காலி இரவல் வாங்க ஊருக்குள் போனான். எனக்கு விடுமுறை. கங்காணி கிறிஸ்மஸுக்குத் தன் ஊருக்குப் போயிருந்தார். அளத்தில் ஒருவரும் இல்லை.

"கொழுந்தனாரே, மடை வரைக்கும் வாரியளா?"

ஓடையிலிருந்து அளத்துக்குத் தண்ணீர் விடும் மடை வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பலகைகளை இறக்கி அடைத்திருப்பார்கள். அன்று பௌர்ணமி. கடல் ஏறி, ஓடையில் தண்ணீர் மடைப்பலகையின் விளிம்பு வரை நின்றது.

"இதுல ரெண்டு பலகைய எடுத்தா பாத்தியில தண்ணி ஏறும்," என்றாள். "ஏறினா அவியளுக்கு நிலை கொள்ளாது. தானா துறைமுகத்துக்கு அங்கிட்டு இருக்க தீவுப் பக்கம் போயிருவாவ. வெடிச்சத்தமும் வேண்டாம், கல்லெறியும் வேண்டாம். அந்த அளவுக்கு ஏறினதும் அடைச்சுருவோம்."

"மதினி, அண்ணன் வேலை?"

"பறவை பறந்து போனா அவிய என்ன செய்வாவ பாவம்? அதுக்கு இறக்கை இருக்குன்னு துரைக்கும் தெரியும்லா."

அவள் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. சீவலப்பேரி வயல்களில் அவள் சின்ன வயது முதல் பார்த்து வளர்ந்த காரியம். மடையைத் திறந்தால் தண்ணீர் பைய வரும், போதும் என்றால் ஒரு பலகையும் இரண்டு கை சேறும் வைத்து அடைத்துவிடலாம். ஆற்றுத் தண்ணீர் ஒரே திசையில் போகிற தண்ணீர். அதற்கு அப்பால் அவள் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

இருவரும் சேர்ந்து பலகைகளைத் தூக்கினோம். தண்ணீர் உள்ளே போயிற்று. நாங்கள் திரும்பி வந்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கிளம்பினார்கள். தண்ணீரோரம் பின்வாங்கப் பின்வாங்க வரப்பில் ஏறி, வரப்பும் ஈரமானதும் ஒரே வீச்சில் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றிக் கிழக்கே போயின. பெரியப்பா ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போனார். பூநாரைகள் மட்டும் நின்றன. முழங்கால் நனைந்து, வயிறு நனைந்த பிறகும் நின்றன. பாத்தி முழுவதும் அவற்றின் நிழல் ஆடிக்கொண்டிருந்தது. மதினி வரப்பில் இறங்கினாள். புடவையோடு தண்ணீருக்குள் நடந்தாள்.

"போங்க," என்றாள்.

அவை அவளுக்குப் பழகியவை. கழுத்தைத் திருப்பிப் பார்த்தன.

"போங்க. போயிருங்க." கைகளை வீசினாள். "போங்கன்னு சொல்லுதேன்லா."

அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அப்போதுதான். பூநாரைகள் தண்ணீரின்மேல் சில எட்டு ஓடி, எழும்பின. இறக்கைக்குள்ளே இருக்கும் சிவப்பு முழுவதும் ஒரே நேரத்தில் வெளியே தெரிந்தது. துறைமுகத்துக்கு மேலே போய், தோணிகளின் பாய்மரங்களுக்கு அப்பால், தீவுப் பக்கம் மறைந்தன. அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். 'போயிட்டு வாங்க' என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சுடுவதற்கு நாற்காலி போடப்போகிற இடத்துக்கு எப்படித் திரும்பி வரச் சொல்வது?

மடையை அடைக்கப் போனோம். முடியவில்லை. கடல் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. பலகையை இறக்க இறக்கத் தண்ணீர் அதைப் பிடுங்கி எறிந்தது. சேற்றை அள்ளி வைத்தாள். வைத்த கையிலேயே கரைந்தது. "இது என்ன தண்ணி, இது என்ன தண்ணி," என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் மறுபடியும் அள்ளினாள். நான் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு மடைக்குள் இறங்கினேன். என்னையும் சேர்த்துத் தள்ளியது. வரப்பு ஒரு இடத்தில் உடைந்து, தண்ணீர் மேட்டுப் பக்கம் ஏறி, பனையோலை வேய்ந்து வைத்திருந்த சர்க்கார் உப்பு அம்பாரத்தின் அடியைத் தொட்டது. உப்பு கரைவதற்குச் சத்தம் கிடையாது. அம்பாரம் ஒரு பக்கமாக மெல்லச் சரிந்து உட்கார்ந்ததைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அண்ணன் நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது கடல் வற்ற ஆரம்பித்திருந்தது. இறங்கி நின்று பாத்தியைப் பார்த்தான். அம்பாரத்தைப் பார்த்தான். சேறு அப்பிய புடவையோடு நின்ற மதினியைப் பார்த்தான். நான் பேச வாயெடுத்தேன். அவன் கையமர்த்தினான்.

"கையில என்ன காயம்?" என்று அவளிடம் கேட்டான். மடைப்பலகையின் ஆணி உள்ளங்கையைக் கிழித்திருந்தது. அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. அதற்குமேல் அவன் எதுவும் கேட்கவில்லை, அன்றும், பிறகும்.

துரை சொன்னபடி வந்தார். கடல்போல் கிடந்த வெறும் தண்ணீரைப் பார்த்தார். மடைப்பலகை உளுத்துப் போயிருந்ததைத் தான் கவனிக்காமல் விட்டதாக அண்ணன் சொன்னான். துரை ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அண்ணன் தலை குனிந்து கேட்டுக்கொண்டான். அதற்குள் மதினி உள்ளேயிருந்து வாழை இலையில் புதிதாகக் கிண்டிய களியும் பழமும் வைத்து அனுப்பினாள். துரைசானி களியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, இலையில் இருந்தது முழுவதையும் சாப்பிட்டு முடித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று ஜாடையில் கேட்டாள். மதினி இருந்ததையெல்லாம் வழித்துப் போட்டாள்.

அண்ணனைப் பழைய உத்தியோகத்துக்கே இறக்கி, பங்குனியில் சங்கரன்கோவிலுக்கு வடக்கே கரிசல்காட்டில் ஓர் ஊருக்கு மாற்றினார்கள். உப்பு இலாகாவும் கள்ளுக்கடை இலாகாவும் அப்போது ஒன்று. அங்கே கள்ளுக்கடைகளைச் சோதிப்பது வேலை. பறவைகள் அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்கள் பாத்திக்குத் திரும்பவில்லை. துறைமுகத்துப் பாலத்தில் நின்றால், தீவோரம் ஒரு சிவந்த கோடு தெரியும். மதினி கிளம்புவதற்கு முன் ஒரு நாள் அவளை அங்கே கூட்டிப் போனேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டே நின்றாள். "நல்லாத்தான் இருக்காவ," என்றாள்.

அடுத்த ஐப்பசியில் அவை வந்துவிட்டன, அதே பாத்திக்கு, ஒன்றும் நடக்காததுபோல. நான் ஆலைக்குப் பக்கத்தில் குடி மாறியிருந்தாலும் போய்ப் பார்த்தேன். கிடைத்த முதல் விடுமுறையில் கரிசலுக்கு வண்டி ஏறினேன். மதினி வாசலிலேயே கேட்டாள். "வாங்க கொழுந்தனாரே. வந்துட்டாவளா?"

"வந்துட்டாவ மதினி. எல்லாரும்."

"சம்பந்தி வீடு?"

"அவியளும்தான்."

செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த ஊர்த் தண்ணீர் நல்ல தண்ணீர். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டாள். "என்னக் கேட்டாவளா?"

"கேட்டாவ. 'வீட்டுக்காரம்மா எங்கன போனாவ, அரிசி களைஞ்ச தண்ணி வரலியே'ன்னு பெரியப்பா ஒரே சத்தம்."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே போனவள் வர வெகு நேரம் ஆயிற்று.

கங்காணி இன்னும் அந்தப் பாத்தியை ஒரு நாள் விட்டுத்தான் மிதிக்கச் சொல்கிறார் என்று மறு வருஷம் போனபோது சொன்னேன். ஒவ்வொரு வருஷமும் இதே பேச்சுத்தான். அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பான். ஒரு சொல் சொல்லமாட்டான். அவனோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் மேலே மேலே போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பற்றிய பேச்சு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவான். அவன் மனதுக்குள் அவளை மன்னித்தானா இல்லையா என்பது எனக்குத் தெரியவே இல்லை. மதினிக்கும் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். "என்னைய ரெண்டு வார்த்தை வைதிருந்தா நல்லாயிருந்திருக்கும்," என்று ஒரு தடவை சொன்னாள்.

அளத்தை விட்டு வந்த ஆறாம் வருஷம், காளயுக்தி ஆண்டு ஐப்பசியில், அந்த விஷக்காய்ச்சல் வந்தது. வீட்டுக்கு வீடு ஆள் போயிற்று. எனக்குச் செய்தி கிடைத்துக் கரிசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மதினியின் மூச்சு அடங்கியிருந்தது. கிளம்பிய அன்று காலையில்தான் பாத்தியில் முதல் உள்ளான்களைப் பார்த்திருந்தேன். சொல்வதற்கு ஆள் இல்லை.

குழந்தை இல்லை, கொள்ளிச்சட்டியை அண்ணன்தான் எடுத்தான். பாடையைத் தூக்கினார்கள். வீட்டிலிருந்து பிணம் வெளியேறியதும் பெண்கள் வீட்டைப் பெருக்கிக் கழுவிவிட வேண்டும்; போனவர் திரும்பி வரலாகாது என்பதற்காக உள்ள வழக்கம். பக்கத்து வீட்டு ஆச்சி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, விளக்குமாறும் குடத்துத் தண்ணீருமாகக் கதவோரம் தயாராக நின்றாள். படியிறங்கிய அண்ணன் நின்றான். கொள்ளி எடுத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவன் திரும்பினான்.

"ஆச்சி, வெளக்குமாத்தக் கீழ வையுங்க."

"என்ன மக்கா சொல்லுத?"

"வீட்டப் பெருக்காதிய. தண்ணியும் விடாதிய."

"ஏலே, இது விருந்தாடிட்டுப் போற வீடா? கழுவாம எப்படிப் போட?"

"ஒரு நாளாவது கழியட்டும்," என்றான் அண்ணன்.

ஆச்சி என்னைப் பார்த்தாள். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவன் பதிலுக்குக் காத்திராமல் நடக்கத் தொடங்கிவிட்டான்.

சுடுகாட்டிலிருந்து குளித்து ஈர வேட்டியோடு திரும்பினோம். வீடு நாங்கள் விட்டுப்போனபடியே கிடந்தது. கூடத்தில் உதிர்ந்த பூவும், அவளைக் கிடத்தியிருந்த இடமும், வாசல் வரை சிந்தியிருந்த அரிசியும். அந்த அரிசியைக் கொத்திக்கொண்டு நாலைந்து சிட்டுக்குருவிகள் நடைக்கு உள்ளேயும் வெளியேயுமாகத் திரிந்தன. நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன். அண்ணன் என் தோளைப் பிடித்து நிறுத்தினான். அவை தின்று முடித்துத் தாமாக எழும்பிப் போகும்வரை இருவரும் வெளியிலேயே நின்றுகொண்டிருந்தோம்.